சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரையோடு பல், ஈறு பரிசோதனையும் கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சர்க்கரை நோயாளிகள் மற்றும் குடும்பத்தினர்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது; அதற்கு நன்றியுடையோம். வரும் தன்னார்வலர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து அட்டையில் குறிக்கிறார். வாயைத் திறந்து காட்டும்படி மட்டும் யாரும் கேட்பதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு வரை கூடும் என்பதும், ஈறில் நீடிக்கும் அழற்சி இன்சுலினைச் சரிவர வேலை செய்யவிடாமல் சர்க்கரையை மேலும் ஏற்றும் என்பதும், ஈறுக்கு முறையாகச் சிகிச்சை அளித்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்பதும் மருத்துவ ஆய்வுகளில் தெரியவந்தவை. அப்படியிருந்தும் எங்கள் பகுதியில், ‘சுகர் உள்ளவர் பல் பிடுங்கினால் புண் ஆறாது’ என்று பயந்து, கிராம்பை வைத்து வலியை அடக்கிக்கொள்பவர்களே அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு பாதுகாப்பாகப் பல் எடுக்கலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. பல் ஆடத் தொடங்கியதும் பயறையும் காயையும் மெல்ல முடியாமல் கஞ்சிக்கும் மசித்த மரச்சீனிக் கிழங்குக்கும் மாறுகிறார்கள் (கிழங்கு எங்களுக்குப் பல் நன்றாக இருந்தாலும் பிடிக்கும் என்பது வேறு விஷயம்). சர்க்கரை இன்னும் ஏறுகிறது.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களின் நிலை இதைவிடக் கடினம். விடியுமுன் வெட்டப் போய், பாலெடுத்து, ஷீட் அடித்து முடிப்பதற்குள் புறநோயாளிப் பிரிவின் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாலும், ‘சுகர் ரிப்போர்ட் இல்லாமல் பல்லைத் தொட முடியாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் உண்டு. கேட்டது தவறில்லை, ஆனால் அந்த அளவு வீட்டிலிருக்கும் அட்டையிலேயே இருந்தது.

ஆகவே, ஈறில் இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, வாய் உலர்கிறதா என்று மாத்திரை தரும்போதே தன்னார்வலர் கேட்டு, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவுடன் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரவும், அந்தச் சீட்டைப் பல் மருத்துவப் பிரிவில் ஏற்றுக்கொள்ளவும் உத்தரவிட வேண்டுகிறோம். பல் மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, சர்க்கரை நோயாளிகள் வரும் நாளிலேயே, அதுவும் பிற்பகலில், அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலிருந்து பல் மருத்துவர் ஒருவர் வந்துபோக ஏற்பாடு செய்து தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: குலசேகரம்