சுமைதாங்கிக் கல்லுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரின் பழமையையும் நீர்நிலைகளையும் காக்கப் பாடுபடும் தன்னார்வக் குழுக்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் தக்கலைப் பக்கத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கொத்தனார், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் கலந்த கூட்டம். நானும் அதில் ஒருவன். பாராட்டுக்கு நன்றி. ஆனால் எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தக்கலையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் நடந்தாலும் பழமை கண்ணில் படும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனையும் கோட்டையும், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை, பீர் முகம்மது அப்பா தர்கா, திருவிதாங்கோடு அரப்பள்ளி என்ற பழைய கிறிஸ்தவ தேவாலயம், சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டக்காரர்கள் வந்து கும்பிடும் கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். அரண்மனைக்குக் கவனிக்க ஆள் இருக்கிறது. 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் உள்ளது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பவே முடியாது. இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, பலகை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ரோட்டோரம் நிற்பவற்றின் கதி என்ன?

சுமைதாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமல் தானே சுமையை அதன் மேல் நகர்த்தி வைக்கலாம்; திரும்பவும் தானே எடுத்துக்கொள்ளலாம். அந்த உயரத்துக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைத்த சுமைதாங்கிகள் உண்டு. சிலவற்றில் பெயரும் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டுக் கணக்கு) வெட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி எழுத்துள்ள ஒரு கல்லை, ரோட்டை அகலப்படுத்தியபோது பொக்லைன் வைத்துச் சாய்த்துவிட்டார்கள். நாங்கள் தகவல் தெரிந்து போவதற்குள், குறுக்குக் கல் பக்கத்து ஓடைக்கு மூடியாகப் போயிருந்தது. எழுத்துள்ள பக்கம் கீழே, சிமெண்டுக்குள். அது யார் நினைவாக வைத்தது என்று இனிமேல் யாராலும் படிக்க முடியாது.

அதே ரோட்டில் இன்னொரு சுமைதாங்கி தப்பித்தது. அளவுக்கல் போட வந்த நாளிலேயே எங்கள் ஆட்டோக்காரர் அதைப் பார்த்துவிட்டார். வேலை எடுத்தவரிடம் போய்ப் பேசினோம். நல்ல மனிதர், “முன்னாலயே சொன்னா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?” என்றார். ஒரு கிரேன், அரை நாள் வேலை. மூன்று கல்லும் சில அடி தள்ளி அதே வரிசையில் நிற்கின்றன. இரண்டு சுமைதாங்கிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தகவல் முன்னால் கிடைத்ததா, பின்னால் கிடைத்ததா என்பது மட்டும்தான். இடிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை.

குளங்களின் கதை இதைவிட மோசம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் சானல் வழியாகக் குளத்துக்கு வரும்; குளம் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். இந்தக் குளங்கள் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் இடித்த வீட்டின் கழிவை ராத்திரியில் ஒரு டெம்போ கரையோரம் தட்டிவிட்டுப் போகும். அந்த மேட்டில் நாலு வாழை வரும். அப்புறம் தென்னை, தென்னையைச் சுற்றித் தகர வேலி, வேலிக்குள் ஒரு கடை, கடைக்குக் கரண்டு. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது இன்னமும் குளம் புறம்போக்குதான்.

முன்பு இதைத் தடுக்க ஆள் இருந்தது. குளத்தின் கீழே ஏலாவில், அதாவது வயல்வெளியில், நெல் போட்டவர்கள், மடையில் ஒரு கல் அசைந்தாலும் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். தண்ணீர் அவர்களுடைய வயிற்றுப்பாடு. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகளின் சங்கத்துக்கு ஓர் இடமும் கொடுத்தது. இன்று ஏலாவில் பாதி வாழையும் மீதி வீட்டுமனையுமாகிவிட்டது. பாசனம் நின்ற குளத்துக்காகப் பேச விவசாயி வருவதில்லை. அந்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் போய் நிற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறோம். சர்வே எண்ணும் புலப்படமும் வாங்கி, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கிறோம். அங்கே ஒரு அலுவலகத்தில் எங்களிடம் கேட்ட கேள்வி: “குளத்துல உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு?” அந்தக் குளம் ஊறவைக்கும் கிணற்றில்தான் எங்கள் வீடுகளில் தண்ணீர் எடுக்கிறோம். இதைவிட என்ன பாத்தியதை வேண்டும்?

தன்னார்வலர்கள் எல்லாவற்றையும் செய்துவிட முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. கோட்டை மதிலில் ஆலும் அரசும் வேர்விட்டு நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கிறது. ஆனால் கண்டபடி வேரைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழையில் இன்னும் தடியாகத் துளிர்க்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். அதெல்லாம் தெரிந்தவர்கள் வந்து செய்ய வேண்டிய வேலை. எங்களால் முடிந்தது, எது எங்கே இருக்கிறது என்று சொல்வது. ஊரில் நடமாடுகிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது பணமோ விருதோ இல்லை. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு வேண்டும். சுமைதாங்கி, வழிப்போக்கர்கள் தங்கும் வழியம்பலம், கல்மண்டபம், குளத்துப் படித்துறை, மடை, பழைய மரம் எல்லாம் படத்தோடும் சர்வே எண்ணோடும் அதில் ஏறட்டும். ரோடு, ஓடை, கட்டட வேலை எதற்கு டெண்டர் விட்டாலும் முதலில் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போதும். அதில் உள்ள ஒன்றை அசைக்க வேண்டியிருந்தால், அந்த வார்டு மக்களுக்கு முன்கூட்டியே ஒரு அறிவிப்பு கொடுக்கட்டும். விவரம் சேகரித்துக் கொடுக்க நாங்கள் தயார், சம்பளம் வேண்டாம்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். குமரி மாவட்டத்துக்கு அது தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட. அன்று கூடும் கிராம சபைகளிலும் நகராட்சிகளின் பகுதி சபைகளிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் குழு முயற்சி எடுக்கிறது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கிள்ளியூர், திருவட்டார் என்று எந்தத் தாலுகாவில் இருக்கும் வாசகர்களானாலும், தங்கள் தெருவில் நிற்கும் பழைய கல்லையும் குளத்தையும் இப்போதே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு எழுதி, அந்தக் கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோகும்படி தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.