அப்பாவின் கல்லறைப் படம்

கிளாஸ்கோ,
அக்டோபர் 6.

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. அம்மாவின் கடிதமும் அதனுள் நீ வைத்திருந்த படமும் போன செவ்வாய்க்கிழமை கைக்குக் கிடைத்தன. ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறு. வேலை மாறியதில் நாள்கள் ஓடிவிட்டன என்று அம்மாவிடம் சொல். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

அப்பாவின் கல்லறையை நான் இன்னும் நேரில் பார்க்காதவன் என்பதால், அந்த ஒரு படத்தைச் சன்னலோரம் வைத்து எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கறுப்புக் கிரானைட் பலகையில் வானம் தெரிகிறது, மேகம் தெரிகிறது, கைபேசியை நீட்டிக் குனிந்து நிற்கும் உன் உருவமும் தெரிகிறது; எழுத்து மட்டும் தெரியவில்லை. சிலுவையின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிக் கிடப்பதால் உச்சிவேளையில் எடுத்திருக்கிறாய் என்று புரிகிறது. ஆவணியில் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெளிச்சத்தில் செதுக்கிய எழுத்துக்குள் நிழல் விழவே விழாது.

இதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். என் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் நெக்ரோபோலிஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பேராலயத்துக்குப் பின்னால் ஒரு குன்று முழுவதும் கல்லறைகள். 1832-இல் முதல் அடக்கம் நடந்த அந்த இடத்தில் ஏறத்தாழ 50,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பல கற்கள் மணற்கற்கள். புகையில் கறுத்து, மழையில் கரைந்து, தடவிப் பார்த்தால்தான் எழுத்து இருப்பது தெரியும். எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர், வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆளுயரக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அந்தக் குன்றில் ஏறுவார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் கூடவே போய்க் கண்ணாடியைப் பிடித்துக் கொடுத்தேன். நிழலில் நின்ற ஒரு கல்லின் மீது அவர் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி, கல்லை உரசிக்கொண்டு போகிறாற்போலச் சாய்த்தார். வெறும் பாறை போலிருந்த இடத்தில் ஒரு குழந்தையின் பெயர் வரிவரியாக எழுந்து வந்தது. மாவு, சுண்ணக்கட்டி, சோப்பு நுரை எதையும் கல்லில் பூசக்கூடாது, அவை கல்லைக் கெடுத்துவிடும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். அதிலிருந்து பெரும்பாலும் ஞாயிறுதோறும் அவருடன் போய்விடுகிறேன், பொழுதும் போகிறது.

இங்கே மார்கழித் தொடக்கத்தில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு உதித்து, பிற்பகல் மூன்றே முக்காலுக்கு மறைந்துவிடுகிறது. நண்பகலில்கூடப் பத்துப் பதினோரு பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நம் ஊரில் கல்லறைத் திருநாளன்று காலை ஏழு மணிக்குச் சூரியன் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே நவம்பர் 2 அன்று கூட்டம் சேருவதற்கு முன், ஆறே முக்காலுக்கே போய்விடு. நம் கல்லறைகள் தெற்கு வடக்காக இருப்பதால், நீ கால்மாட்டில் நின்றால் வெயில் உன் வலக்கைப் பக்கமிருந்து பலகையின் மேல் படுத்தாற்போல் வரும், உன் நிழலும் குறுக்கே விழாது. பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடு. தலைமாட்டில், சிலுவைக்கு அருகே, சின்னம்மா மகனைக் கறுப்புக் குடையை விரித்துத் தாழ்த்திப் பிடிக்கச் சொல். வானத்துக்குப் பதிலாக அந்தக் கறுப்பே பலகையில் தெரியும், மெருகில்லாத எழுத்துகள் அதன்மேல் வெளுத்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியிருந்தால் குடையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். திரையில் எழுத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள். கறுப்புக் கல்லைக் கண்டால் கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும்.

பிறகு முழுக் கல்லறையையும் ஒரு படம் எடு. முழங்காலிட்டு, சிலுவையின் உயரத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும். இப்போதைய படத்தில் பின்னாலுள்ள பனைமரம் சிலுவையின் தலையிலிருந்து முளைத்தது போல் இருக்கிறது. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் மரம் தனியாகப் பிரிந்து நிற்கும், வடக்கே வாளையார் மலையும் வரும். அக்கம்பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவர்கள் யாரும் படத்தில் வரக்கூடாது. மாலையில் ஃபிளாஷ் வேண்டாம். சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்குள், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே, கைபேசியைப் பக்கத்துச் சுவரில் ஊன்றி வைத்து மெழுகுவர்த்திகளை எடு. என்னுடைய கேமரா இப்போது ஒருவரிடம் இருக்கிறது. அதைப் பற்றி அம்மாவிடம் பேசாதே. உன் கைபேசியே போதும்.

உன் படத்தின் இடது மூலையில் ரப்பர் செருப்பு போட்ட ஒரு காலும் சேலை நுனியும் தெரிகின்றன. அம்மாவின் கால் அது. வெடிப்பில் மஞ்சள் ஏறியிருப்பதுகூடத் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

எழுத்து தெளிவாக வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம் உனக்குத் தெரிந்ததே. கல் கொத்துபவர் 'இறப்பு' என்பதை 'இரப்பு' என்று வெட்டிவிட்டார் என்று அம்மா எழுதியிருக்கிறார். சரியாகத்தான் இருக்கிறது என்று மாமா சொல்கிறாராம். யாரிடமும் கை நீட்டாமல் போன மனிதரின் தலைமாட்டில் அந்தச் சொல் இருக்கக்கூடாது. அந்த ஓர் எழுத்தை மட்டும் அருகில் வைத்துத் தனியாக எடு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பு.

றகரம் இல்லையென்றால் பலகையை மாற்றித் தரச் சொல்லி மாமாவையே பேச வை, நீ முன்னால் போகாதே. மீதிப் பணத்தை அதுவரை கொடுக்க வேண்டாம். தைக்குள் நான் அனுப்பிவிடுகிறேன். தென்னந்தோப்புக் குத்தகைத் தாளில் அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் வேண்டும். தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் நான் பொங்கலுக்கு வருவேன் என்று உறுதி சொல்லிவிடாதீர்கள்.

அன்புள்ள,
அண்ணன்