ஞாயிறு காலை வாய்க்கால் வகுப்பு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சம்பா களையெடுப்பும் மழையுமாக வேலை நெருக்கும் நேரம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கார்த்திகை இரண்டாம் ஞாயிறு தொடங்கி, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வரை, எட்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் பள்ளியில் இயற்கையையும் உயிரியலையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் வகுப்பு நடக்கப்போகிறது. பிள்ளையோடு வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரும் வர வேண்டும். அம்மா, அப்பா, தாத்தா, அத்தை, யாராக இருந்தாலும் சரி.

பெரியவர்கள் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காற்றிலுள்ள நைட்ரஜன் பயிருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அன்றைய பாடம். அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிரின் பெயரை "அனபீனா" என்று பிள்ளைகள் சரியாகவே ஒப்பித்தார்கள். அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பள்ளிக்குப் பின்னால் வயலில், தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணியான அசோலா, பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அனபீனா அதன் இலைக்குள்தான் இருக்கும். ஒரு பிடி அள்ளிவரச் சொன்னேன். ஒரு துணுக்கை ஸ்லைடில் வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே கவர் ஸ்லிப்பை வைத்து விரலால் மெல்ல அழுத்தினோம். நுண்ணோக்கியில் பார்த்தால், நசுங்கின இலையிலிருந்து பாசிமணி கோத்தது போல நீலப்பச்சைச் சரங்கள் வெளியே வந்து கிடந்தன. அதுதான் அனபீனா. சரத்தில் அங்கங்கே ஒரு மணி கொஞ்சம் பெரிதாக, வெளிறித் தெரியும். நைட்ரஜனைப் பிடிக்கிற வேலை அந்த மணிகளில்தான் நடக்கிறது.

மகனுக்கு மாத்திரை கொடுக்க வந்திருந்த ஓர் அம்மாவும் குனிந்து பார்த்தார். அப்புறம், அவருடைய அப்பா வயலின் ஒரு மூலையில் அசோலாவை விட்டுப் பெருக்கி, களையெடுக்கும்போது சேற்றோடு மிதித்துவிடச் சொல்வார் என்றார். எவ்வளவு விடணும், எப்போது மிதிக்கணும் என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்குப் பாடத்தின் மறுபாதியை நடத்தியது அவர்தான். நாற்றங்காலிலும் வாய்க்காலிலும் நீங்கள் பார்த்துவைத்திருப்பது எங்கள் புத்தகத்தில் இல்லை. அது உங்களோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

வகுப்பில் முதலில் பழகப்போவது, பார்த்ததை அப்படியே எழுதுவது. பெயர் பிறகு வரட்டும். ஒரு பறவையைப் பார்த்தால், அது சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கையைவிடப் பெரியதா, அலகு எப்படி, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று குறிக்க வேண்டும். செல்போனில் பெயர் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் வயலில் நிற்கும் நத்தைக்குத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். வயல் நத்தையை அது எப்படி எடுத்துத் தின்கிறது என்று பத்து நிமிடம் வரப்பில் அசையாமல் நின்று பார்த்த பிள்ளைக்கு அந்தப் பறவை மறக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், படமாக வரையலாம். இல்லை, நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும்.

அதிக நேரம் பூச்சிகளுக்குத்தான். பழைய கொசுவலையில் தைத்த கைவலையால் பயிர்மேல் வீசி, சிக்கினதை வெள்ளைத் தட்டில் கொட்டி, பயிரைத் தின்பவை எவை, அவற்றைப் பிடித்துத் தின்பவை எவை என்று பிரிப்போம். ஊசித்தட்டான், பொறிவண்டு, சிலந்தி எல்லாம் நம் பக்கம். குருத்துப்பூச்சி நெல் இலையின் நுனிப்பக்கம் குவியலாக முட்டையிட்டு, மேலே பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவது அதனால்தான். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைக் கண்டதும் மருந்தடித்தால் சில சமயம் முன்னைவிட அதிகமாகிறதே, அதையும் பேசுவோம். மருந்தில் முதலில் சாவது, புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்ற பூச்சிகளும். பயிரின் தண்டுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பித்துக்கொள்ளும். அவை பொரிந்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. எதைக் கொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு மருந்தைத் தொட வேண்டும் என்பது என் கருத்து.

கைலென்ஸ் பிடிப்பதையும் சொல்லித்தருவோம். பெரும்பாலும் எல்லோரும் லென்ஸைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்து, தள்ளி நின்று பார்க்கிறோம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பொருளை அருகில் கொண்டுவர வேண்டும். வாய்க்கால் நீரில் இருக்கும் தட்டானின் இளம்பூச்சியை அப்படிப் பார்த்தால், மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடை தெரியும். கொசுப்புழுவை எட்டிப் பிடிக்க அதுதான் அதற்குக் கை. பார்த்த உயிரைப் பார்த்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

ஏழாம் ஞாயிறு வடுவூர் ஏரிக்குப் போகிறோம். 1999-ல் பறவைகள் சரணாலயமான ஏரி அது, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பிறகு பொங்கல் நாட்களில், தமிழ்நாடு முழுக்க 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நம் ஊரிலிருந்தும் ஒரு பட்டியல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நீட் தேர்வுக்கு இது உதவுமா என்று ஒரு தந்தை கேட்டார். இது பயிற்சி வகுப்பு இல்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் அனுப்ப வேண்டாம்.

பாதுகாப்பில் நான் கண்டிப்பாக இருப்பேன். மதகுப் பக்கமும் ஆழமான தண்ணீரிலும் யாரும் இறங்கக் கூடாது. பாம்பு எதுவானாலும், சாரை என்று தெரிந்தாலும், தொடாமல் விலகி நிற்க வேண்டும். யாருடைய வயலுக்குப் போகிறோமோ அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். கனமழை என்றால் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வகுப்பு.

கட்டணம் இல்லை. ஒரு நோட்டு, பென்சில், தலைக்குத் துண்டு போதும். பேனா வேண்டாம், தூறலில் மை கரையும். பைனாகுலர் பள்ளியில் இருப்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள சீட்டில் கூட வருபவர் பெயரை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பள்ளியின் பின்வாசலில், வாய்க்கால் கரையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்