நாலாம் அதிகாரத்தில் தொடங்காதே

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தில் பவுலின் நிருபமான 1 தெசலோனிக்கேயர் எடுக்கப்போவதாகச் சொன்னாய். நல்லது. நாலாம் அதிகாரத்தில் மட்டும் தொடங்காதே. தொடங்கினால் பேச்சு கடைசிகால அட்டவணைக்குப் போய்விடும், பிறகு இழுத்து வரமுடியாது.

முதல் வாரம் விளக்கமே வேண்டாம். ஒருவர் முழு நிருபத்தையும் உரக்க வாசிக்கட்டும். 89 வசனம்தான், கால்மணி நேரம் போதும். எல்லாருக்கும் வாசிக்கவேண்டுமென்று பவுலே 5:27-ல் ஆணையிடுகிறார்.

அடுத்த வாரம் அப்போஸ்தலர் 17, 18. தெசலோனிக்கேயில் கலகம் எழும்பியதால் சகோதரர்கள் பவுலை இரவோடிரவாக ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று ஓய்வுநாள் என்று இருப்பதைப் பார்த்து, மூன்றே வாரம் தங்கினார் என்று சொல்லிவிடாதே. அங்கே இருக்கையில் பிலிப்பியிலிருந்து ஒருமுறைக்கு மேல் உதவி வந்தது (பிலிப்பியர் 4:16), இராப்பகல் கைவேலையும் செய்தார் (1 தெசலோனிக்கேயர் 2:9). அத்தேனேயிலிருந்து தீமோத்தேயுவை அனுப்பி, அவர் நல்ல செய்தியோடு திரும்பியபின் கொரிந்துவில் எழுதியது இது. கி.பி. 50 வாக்கில். பவுல் கொரிந்துவில் இருந்தபோது அங்கே ரோம அதிபதியாயிருந்தவர் கல்லியோன் (அப்போஸ்தலர் 18:12); கிரேக்க நாட்டுத் தெல்பியில் கிடைத்த, அவர் பெயருள்ள கல்வெட்டை வைத்துத்தான் இந்தக் கணக்கு.

இனி 4:13. அங்கே அவர்களுடைய கவலை, கர்த்தர் எப்போது வருவார் என்பதல்ல. அவர் வருமுன்னே மரித்துப்போன நம்மவர்கள் கதி என்ன என்பதுதான். துக்கவீட்டுக்கு எழுதிய பதில் அது. 17-ஆம் வசனத்தில் 'எதிர்கொண்டுபோக' என்ற சொல்லில் கொஞ்சம் நில். கிரேக்கத்தில் அப்பாந்தேசிஸ். ஊருக்கு வரும் பெரியவரை வழியிலேயே போய் வரவேற்று அழைத்துவருவதற்கும் இந்தச் சொல் வழங்கியது. அப்போஸ்தலர் 28:15-ல் ரோமாபுரி சகோதரர்கள் 'மூன்று சத்திரம்' என்ற இடம்வரை வந்து பவுலை எதிர்கொண்டதும் இதே சொல்தான். மாப்பிள்ளை அழைப்பு தெரிந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? ஆனாலும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அடித்துப் பேசாதே. வெறும் சந்திப்புக்கும் அது வரும்.

நாலாம் அதிகாரம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல் 5:11 வரை ஒரே மூச்சில் போ. அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது. 4:18-லும் 5:11-லும் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றே முடிக்கிறார். நடுவில் வெட்டினால் அந்த இணைப்பு தெரியாது, 'இரவில் வரும் திருடன்' வெறும் பயமுறுத்தலாகத் தெரியும்.

அண்மையில் வீட்டில் இழவு கண்ட பிள்ளை யாராவது கூட்டத்தில் இருந்தால், அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லி அவரை எழுப்பாதே. நீயே வாசி, மெதுவாக.

அப்பா