புயலுக்குத் தப்பிய பல்லிகள்

அன்புள்ள பழனி,

கடிதம் கிடைத்தது. மாடி போர்ஷனைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு போனது நல்லதாயிற்று. அந்தப் படிக்கட்டு உன் முழங்காலுக்கு ஆகாது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"பரிணாமம் பரிணாமம் என்கிறாயே, அதை எவன் கண்ணால் பார்த்தான்?" என்று கேட்டிருந்தாய். பார்த்திருக்கிறார்கள், அதுவும் தற்செயலாக. கரீபியனில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் பக்கம் இரண்டு குட்டித் தீவுகள். அங்கே எலிகளை ஒழிப்பதற்கு முன்னால் பல்லிகளைப் பற்றி ஒரு கணக்கு வேண்டும் என்று 2017இல் காலின் டோனிஹ்யூ என்ற உயிரியல் ஆராய்ச்சியாளரின் குழு போய், ஆனோல் பல்லிகளைப் பிடித்துக் கால், விரல் எல்லாம் அளந்தது. அவர்கள் கிளம்பிய சில நாளில் இர்மா புயல். இரண்டு வாரத்தில் மரியா.

சில வாரம் கழித்துத் திரும்பப் போய் அளந்தார்கள். பிழைத்திருந்தவற்றுக்கு விரலடியில் ஒட்டிப் பிடிக்கும் பட்டை சராசரியாகப் பெரிது, முன்னங்காலும் நீளம். இதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் பின்னந்தொடை குட்டை! ஓட்டத்துக்கு நீளமான பின்னங்கால்தானே நல்லது?

அதைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பல்லியை ஒரு மரக்குச்சியில் உட்காரவைத்து, சருகு ஊதித்தள்ளும் மெஷினை எதிரே பிடித்துக் காற்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பல்லி நைசாகக் குச்சியின் மறுபக்கம் போய்ப் பதுங்குகிறது. ஆனாலும் தொடை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்க, காற்று அதில் மோதுகிறது. முதலில் பின்னங்கால் பிடி விடும். பிறகு முன்னங்காலால் மட்டும் தொங்கி, கொடியில் போட்ட துண்டு மாதிரி படபடக்கும். கடைசியில் பின்னால் கட்டிய வலையில் போய் விழும். ஒன்றுக்கும் காயமில்லை.

"நீளக்கால் பல்லி செத்தது, அவ்வளவுதானே, அது எப்படிப் பரிணாமம்?" என்பாய். நியாயமான கேள்விதான். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது அடுத்த தலைமுறைக்கும் பட்டை பெரிதாகவே இருந்தது. 2020இல் 188 ஆனோல் இனங்களை ஒப்பிட்டதில், கடந்த 70 வருடங்களில் புயல் அதிகம் அடித்த இடங்களில் வாழ்பவற்றுக்குப் பட்டை பெரிது என்று தெரிந்தது. கால் நீளத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதை மறைக்காமல் எழுதியதாலேயே எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை. உனக்கு இதுவும் போதாது என்று தெரியும். ஆட்சேபணையை விவரமாக எழுது.

புது விலாசத்தில் பின்கோடு போட மறந்துவிட்டாய். குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு