மூச்சுக்குழாயைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கருவில் இருக்கும் குழந்தையின் கழுத்துக் கட்டியை எப்படிப் படமெடுப்பது, எதையெல்லாம் அறிக்கையில் எழுதுவது என்ற நடைமுறைக் குறிப்பை வரிவரியாகத் திருத்திக் கொடுத்த அனைவருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி ஸ்கேன் அறைக்கு. "கழுத்தில் கட்டி" என்று எழுதிவிட்டு நகரக் கூடாது என்றீர்கள். பின்புறமோ பக்கவாட்டிலோ மெல்லிய தடுப்புகளோடு நீர்ப்பைகள் தெரிந்தால் பெரும்பாலும் நிணநீர்க் கட்டி. முன்புறம் நீரும் சதையும் கலந்து, உள்ளே சுண்ணாம்புப் படிவு பளிச்சிட்டு நிழல் விழுந்தால் டெரட்டோமாவை (பல வகைத் திசுக்கள் கலந்த கட்டி) நினைக்க வேண்டும். இருபுறமும் ஒரே அளவில் சீரான சதையா? தைராய்டு வீக்கமாக இருக்கலாம். அம்மாவுக்குத் தைராய்டு நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். பின்புறக் கட்டியென்றால் மண்டையோட்டிலோ முதுகெலும்பிலோ திறப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பெயர் சூட்டக் கூடாது. கழுத்தைச் சுற்றிய தொப்புள்கொடியே கட்டி போல ஏமாற்றும் என்று ஓரத்தில் கிறுக்கியவருக்குத் தனி நன்றி. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் வைத்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் டாப்ளரின் வேக அளவைக் குறைத்து வைக்காவிட்டால் மெதுவான ரத்த ஓட்டம் திரையில் வராது.

எம்ஆர்ஐ தொழில்நுட்பர்களே, குறிப்பின் உயிர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. குழந்தை அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே கடைசியாக எடுத்த படத்தை வைத்தே அடுத்த தளத்தைக் குறிக்க வேண்டும் என்ற உங்கள் ஒரு வரி பல வீண் படங்களைத் தவிர்க்கும். 3 முதல் 4 மி.மீ. துண்டுகளில், நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 படத்தில், நீர் நிறைந்த மூச்சுக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு எங்கே மெலிகிறது, எங்கே அறுகிறது, கட்டிக்குக் கீழே மறுபடி தெரிகிறதா? "மூச்சுப்பாதை அழுத்தப்பட்டுள்ளது" என்று மட்டும் வரும் அறிக்கையால் அறுவை அரங்கில் யாருக்கும் பயனில்லை. கழுத்துப் பகுதி முதுகெலும்பின் முன்விளிம்பிலிருந்து மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முன்னோக்கி விலகிய தூரத்தையும் பக்கவாட்டில் விலகிய தூரத்தையும் கூட்டி, 12 மி.மீ.-ஐத் தாண்டினால் சிக்கலான மூச்சுப்பாதைக்குத் தயாராக வேண்டும் என்ற அளவுகோலைச் சேர்க்கச் சொன்னதும் நீங்களே.

மயக்க மருத்துவர்களுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வழக்கமான சிசேரியனில் கருப்பை உடனே சுருங்க வேண்டும். தொப்புள்கொடி வழியே ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்போதே குழந்தையின் மூச்சுப்பாதையைத் திறக்கும் எக்ஸிட் முறையில் அது தளர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நஞ்சுக்கொடி பிரிந்து குழந்தைக்கு ஆக்சிஜன் நின்றுவிடும். தலையும் தோளும் மட்டும் வெளியே, தொப்புள்கொடி துண்டிக்காமல். முதலில் குரல்வளைக் காட்டி, பிறகு மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப், கடைசியாகத்தான் கழுத்தில் துளை. பெரிய கட்டி தலையைப் பின்னுக்கு வளைக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இழுபட்டு, அது இரண்டாகப் பிரியும் இடமே கழுத்துக்குள் ஏறிவிடலாம். கைப்பழக்கத்தில் துளையிட்டால் இடம் மிகக் கீழே போய்விடும். ஆகவே அந்தப் பிரிவு எந்த முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறது என்பதும் இனி அறிக்கையில் வரும்.

செவிலியர்களே, குழந்தையால் விழுங்க முடியாமல் பனிக்குட நீர் பெருகினால் குறித்த தேதிக்கு முன்பே வலி வந்துவிடலாம் என்று நினைவூட்டினீர்கள். நள்ளிரவில் யார் யாரை அழைப்பது என்ற பட்டியல் இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு பிழையும் திருத்தினோம். ஸ்கேனில் இரைப்பைக் குமிழி (விழுங்கிய நீர் நிறைந்த இரைப்பை) தெரியவில்லை என்றால் விழுங்கவில்லை என்றே முதல் வரைவு சொன்னது. இரைப்பை அப்போதுதான் காலியாகியிருக்கலாம். அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று மாற்றிவிட்டோம்.

நன்றியுடன்,
கரு மருத்துவக் குழுவினர்