ஆலைக் கட்டடம் பற்றி மகனுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல். நம்முடைய நெல் ஆலைக் கட்டடத்தை உன்னிடம் கேட்காமலே உடற்பயிற்சி நிலையம் நடத்த வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டு வாடகையைக் கூட்டச் சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

கேட்டு வந்தவர் நம் ஒழுங்கையில் வளர்ந்த இளைஞர். கொழும்பில் ஒரு ஜிம்மில் பயிற்றுநராக இருந்தவர். வேறு இடங்களையும் பார்த்திருக்கிறார், ஆனால் அங்கெல்லாம் பாரம் விழுந்தால் நிலம் வெடித்துவிடும் என்றார். நம்முடைய நிலமோ, ஆலை இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கவென்று உன் அப்பப்பா கம்பி கட்டிக் கொங்கிறீற்றுப் போட்டது. உமித்தூசி வெளியேறுவதற்காக முகட்டில் அவர் விட்ட திறப்பு, இப்போது தகரத்தின் கீழ் தேங்கும் சித்திரை வெக்கையை வெளியேற்றுகிறது. நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரையாணிகளை வெட்டி, இறப்பர் விரித்து, கண்ணாடி பொருத்தியதுதான் வந்தவரின் செலவு.

கண்ணாடி இருப்பது கிழக்குச் சுவரில். 2008இல் இடம்பெயர்ந்து, 2010இல் திரும்பி வந்தபோது, ஷெல் சன்னங்கள் துளைத்த பொள்ளல்களை நீ ஒரு மத்தியானம் முழுவதும் விரல் விட்டு எண்ணிய அதே சுவர். பூசிவிடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் தம்பி, அப்படியே விட்டு மேலே கண்ணாடியைப் பொருத்துங்கள் என்றேன்.

வயல் செய்கிற ஊருக்கு ஜிம் எதற்கு என்று சங்கக்கடை வாசலில் சிரித்தார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற நாங்கள் உழவையும் அரிவு வெட்டையும் இயந்திரங்களிடம் கொடுத்துவிட்டு, வரம்பில் நின்று பார்ப்பவர்களாகிக் கனகாலம். சீனி வருத்தக் கிளினிக்கில் என்னோடு வாங்கில் இருப்பவர்களில் பலர் கமக்காரர்தான். வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக உதவாதபோதும் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும் என்று அங்குள்ள வைத்தியர் விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும். நடையை எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். இரண்டாவதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

காலை 9 முதல் 11 மணி வரை பெண்களுக்கு மட்டும். பயிற்சி கொடுக்கவும் ஒரு பெண்பிள்ளை வருகிறார். அம்மா முதல் நாள் புதினம் பார்க்கத்தான் போனாள். இப்போது கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பிக் காட்டி என்னைப் பரிகசிக்கிறாள். நான் மாலையில் போகிறேன். பாட்டுச் சத்தம் மட்டும் பொறுக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

இனித்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. மோட்டார் சைக்கிள்கள் நிறுத்த இடம் போதாததால், பின்னாலிருக்கும் நெல் அவிக்கும் தொட்டியை உடைக்கலாமா என்று கேட்கிறார்கள். அது வெடித்துக் கிடக்கிறது, நுளம்பும் பெருகுகிறது, உடைப்பதுதான் நியாயம். ஆனால் அதன் விளிம்பில் ஈரச் சீமெந்தில் அப்பப்பா தன் விரலால் பெயர் எழுதியிருப்பது உனக்கு நினைவிருக்கும். இதை மட்டும் உன் பதில் வராமல் செய்யமாட்டேன்.

அன்புடன்,
அப்பா